லண்டன் சுவர்களில் ஒட்டப்பட்ட வயல்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாக வாசியுங்கள்.

நகரத்தில் இருப்பவனுக்கு விவசாயத்தின் மீது அக்கறை வர வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்? மேடை போட்டுப் பேசலாம், பத்திரிகையில் எழுதலாம், சட்டம் போடலாம். நூறு வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் ஓர் அரசாங்கம் இதற்குப் படம் வரைய ஆள் பிடித்தது. அதுவும் சாதாரணமாக அல்ல, அந்நாளின் நல்ல ஓவியர்களைத் தேடிப்பிடித்து, தனியாகச் சட்டங்கள் செய்து, ஊர் ஊராக நிறுத்தியது. அந்தக் கதையில் நம் ஜனங்களும் வருகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

1920களில் பிரிட்டனில் ஐந்தில் நான்கு பேர் நகரவாசிகள். மான்செஸ்டரில் பஞ்சாலையில் நிற்பவன், பர்மிங்காமில் லேத் ஓட்டுபவன், லண்டனில் கணக்கு எழுதுபவன். காலையில் அவன் தட்டில் இருக்கும் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் டென்மார்க்கில் இருந்து வரும். மாட்டிறைச்சி அர்ஜென்டினாவில் இருந்து வரும். எது மலிவோ அதை அவன் மனைவி வாங்குவாள். உள்ளூர் விவசாயி பாடு அவள் கவலை அல்ல. அவளைக் குறை சொல்லவும் முடியாது. சம்பளக் கவரைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பவள் அவள்தானே.

அரசியல்வாதிகளில் ஒரு கூட்டம், வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போட்டு, பேரரசுக்குள் விளைந்ததற்குச் சலுகை கொடுக்க வேண்டும் என்று வெகு நாளாகச் சொல்லி வந்தது. 1923இல் பிரதமர் பால்ட்வின் இதையே முன்வைத்துத் தேர்தலுக்குப் போனார், பெரும்பான்மையை இழந்தார். உணவுக்கு வரி என்றால் ரொட்டி விலை ஏறும், அவ்வளவுதான் ஜனங்களுக்குப் புரிந்தது. ஆனால் காலனி நாடுகளுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வரிச் சலுகைக்குப் பதிலாக ஆண்டுக்கு 10 லட்சம் பவுன் ஒதுக்குகிறோம், அதை வைத்து உங்கள் சரக்கைப் பிரபலப்படுத்துகிறோம் என்று ஒரு சமாதானம் செய்தார்கள். அதில் பிறந்ததுதான் 1926 மே மாதம் அமைந்த எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு. நம் மொழியில் பேரரசு விற்பனை வாரியம் என்று வைத்துக்கொள்வோம். காலனித் துறை அமைச்சர் லியோ அமெரி தலைவர், ஸ்டீபன் டாலண்ட்ஸ் செயலாளர். (இதே அமெரிதான் 1940களில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்து, வங்கப் பஞ்சத்தின்போது சர்ச்சிலோடு மல்லுக்கு நின்றவர். அது வேறு கதை.)

வரியாக வாங்க முடியாததை மனசை இளக்கி வாங்கப் பார்த்தார்கள் என்பதுதான் இதன் சாரம். வாங்குகிறவர்களுக்கு அவர்கள் சொன்ன வரிசை இது: முதலில் உள்நாட்டில் விளைந்ததை வாங்கு, கிடைக்காவிட்டால் பேரரசில் விளைந்ததை வாங்கு. அந்நியச் சரக்கு அப்புறம்.

வாரியத்தின் பணத்தில் பெரும்பங்கு உண்மையில் விவசாய ஆராய்ச்சிக்குப் போனது. பூச்சி, மண், பழத்தைக் கெடாமல் கப்பலில் கொண்டு வருவது என்று உருப்படியான வேலைகள் நடந்தன. ஆனால் இன்று யாரும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை. படங்களைத்தான் வைத்திருக்கிறார்கள்.

படங்களுக்குப் பொறுப்பாக வந்தவர் பிராங்க் பிக். லண்டன் பாதாள ரயிலின் சுவரொட்டிகளை உலகப் புகழ் பெறச் செய்தவர் இவர். தெருவில் கண்ட இடத்தில் ஒட்டும் விளம்பரக் குப்பையோடு நம் படங்கள் சேரக் கூடாது என்பது திட்டம். மரச்சட்டம் போட்ட தனிப் பலகைகள் செய்து சுமார் 450 ஊர்களில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு பலகையிலும் ஐந்து கட்டங்கள். மூன்று பெரிய படங்கள், அவற்றுக்கு நடுவில் எழுத்து மட்டும் உள்ள இரண்டு சிறிய கட்டங்கள். இடமிருந்து வலமாக நடந்துகொண்டே பார்த்தால் கதை போல வரும். ஒரு நாட்டில் விளைகிறது, இங்கே வந்து சேர்கிறது, பதிலுக்கு இங்கிருந்து அங்கே என்ன போகிறது என்பதாக. சில வாரங்கள் கழித்துப் படத்தை மாற்றிவிடுவார்கள். டி.வி. இல்லாத காலம். தெருமுனையில் புதிதாக வண்ணப்படம் வந்தால் ஜனங்கள் நின்று பார்க்காமல் போவார்களா?

ஆரம்பத்திலேயே பெரிய வெற்றி ஒரு வரைபடம். மக்டொனால்ட் கில் வரைந்த 'பேரரசின் நெடுஞ்சாலைகள்'. 1927இல் வெளிவந்தது. 20 அடி அகலம், 10 அடி உயரம். பிரிட்டன் நடுவில், கப்பல் பாதைகள் நாலாபக்கமும், பேரரசு முழுக்கச் சிவப்பு. பூகோளம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு நாட்டை வரைபடத்தின் நடுவில் வைப்பதே பாதிப் பிரசாரம். மீதிப் பாதியை வண்ணம் செய்துவிடும்.

இந்தப் படங்கள் எப்படி மனசை மாற்றப் பார்த்தன என்று கவனித்தால் மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, தூரத்தில் இருப்பவனைப் பக்கத்து வீட்டுக்காரன் ஆக்குவது. கோகோ பறிப்பவன், ஆடு மேய்ப்பவன், பழத்தோட்டக்காரன் எல்லோரும் பெரிய உருவமாக, வெயிலில், வேலையில் முனைப்பாக இருப்பார்கள். லண்டன் மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்பவனுக்கு அந்த வெயிலே ஓர் ஆசை. இரண்டாவது வழி சுயலாபம். கிளைவ் கார்டினர் என்ற ஓவியர் உலைக்களமும் இயந்திரமும் வரைந்தார். நீ பேரரசில் விளைந்ததை வாங்கினால் அவர்கள் உன் தொழிற்சாலையில் செய்த இயந்திரத்தை வாங்குவார்கள், உன் ஊரில் வேலை இருக்கும் என்பது அதன் சேதி. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில் இது கருணையை விடப் பலமான வாதம்.

மூன்றாவது வழி சமையலறை. 1927இல் அரச குடும்பத்துச் சமையல்காரரிடம் கிறிஸ்துமஸ் புட்டிங் செய்முறை ஒன்றை வாங்கி வெளியிட்டார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே ஊர் பெயர். உலர்திராட்சை ஆஸ்திரேலியா, கிராம்பு ஜான்சிபார், சர்க்கரையும் ஜாதிக்காயும் மேற்கிந்தியத் தீவுகள், ரம் ஜமைக்கா, ரொட்டித்தூளும் மாவும் பிரிட்டன், மசாலா இந்தியா, பட்டை இலங்கை. ராஜா வீட்டுப் பண்டம் உன் வீட்டு அடுப்பிலும் வேகும், நீ கிண்டுவது ஒரு பேரரசு! சமையல் குறிப்பையே சுவரொட்டி ஆக்கிய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

உள்ளூர் விவசாயியையும் விட்டுவிடவில்லை. 1928இல் விளைபொருள் தரம் பிரித்து முத்திரை இடும் சட்டம் வந்தது. நேஷனல் மார்க் என்று பெயர். 1929இல் முட்டைக்கு இந்த முத்திரை வந்தது. இதற்கான விளம்பரத்துக்கும் வாரியம்தான் பணம் கொடுத்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம், இது வெறும் உணர்ச்சி அல்ல. முட்டை எந்த அளவு, எந்தத் தரம் என்று சோதித்து அடைத்த பின்தான் முத்திரை. வாங்குகிறவளுக்குப் பதில் மரியாதை கிடைத்தது.

பள்ளிக்கூடங்களுக்கும் இந்தப் படங்களைச் சிறிய அளவில் அச்சடித்து அனுப்பினார்கள். கேட்டு எழுதிய பள்ளிகள் ஏராளம். ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்த எனக்கு இது ஆச்சரியம் இல்லை. வெறும் சுவரை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவருக்கு இலவசமாக வண்ணப்படம் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? நானும் 'நமக்கு உதவுபவர்கள்' சார்ட்டை வருடா வருடம் மாட்டியிருக்கிறேன். அதில் உழவர் எப்போதும் தலைப்பாகை கட்டி, மண்வெட்டியோடு சிரித்துக்கொண்டே இருப்பார். ஒரு பையன், "சார், எங்க அப்பா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை" என்றான். படிப்பு சுமார்தான், ஆனால் சார்ட்டைச் சரியாகப் படித்தவன் அவன் ஒருவன்.

இனி நம் ஜனங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

பேரரசுத் தேயிலைக்கு அப்போது போட்டி, டச்சுக்காரர்கள் கையில் இருந்த ஜாவா, சுமத்ரா தேயிலை. அதனால் இந்தியா, இலங்கைத் தேயிலையைக் குடியுங்கள் என்று படங்கள் வந்தன. கொழுந்து பறிக்கும் பெண்கள் வந்தார்கள். வண்ணச் சேலை, முதுகில் கூடை, பின்னால் பச்சை மலை. பார்த்த லண்டன்காரருக்கு அது ஒரு சொர்க்கம். இலங்கை மலைத்தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் யார்? திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களில் இருந்து கங்காணி கூட்டிப்போன குடும்பங்கள். மண்டபம் முகாமில் அடைத்து வைத்து, மருத்துவச் சோதனை முடித்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றித் தலைமன்னாரில் இறக்கிக் கொண்டுபோனார்கள்.

படத்தில் கங்காணி இல்லை. விடியும் முன் பெரட்டுக்களத்தில் வரிசையில் நிற்பது இல்லை. லயத்தில் ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுக்கச் சுருண்டு கிடப்பது இல்லை. அட்டை இல்லை. கங்காணியிடம் வாங்கிய கடன் இல்லை. கடன் தீராதவர் தோட்டம் மாற முடியாதபடி கட்டிப்போட்ட 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிந்தது. குறைந்தபட்சக் கூலிக்கு 1927இல் சட்டம் வந்தது, அதாவது வாரியம் மும்முரமாகப் படம் போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில். அந்தச் சட்டப்படி நிர்ணயித்த கூலியிலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைகளுக்கு அதைவிடவும் குறைவு. கொழுந்து பறித்த கை பெண்ணின் கை. சுவரொட்டியில் வந்த முகமும் அவள் முகம்.

ஓவியர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மலை பச்சைதான், சேலை வண்ணம்தான், கூடையும் உண்மைதான். ஆனால் அந்தப் படம் லண்டன்காரரைக் கேட்டது ஒன்றே ஒன்று, தேயிலை வாங்கு என்று. அவளுக்கு என்ன கூலி என்று கேள் எனச் சொல்லவில்லை. கேட்க வைத்திருந்தால் வாங்கியிருக்கமாட்டார்கள் என்ற பயமாகவும் இருக்கலாம். உழைப்பவரை அழகாகக் காட்டியே அவரைப் பற்றிய கேள்வியை அடைத்துவிட முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதே வாரியத்தின் திரைப்படப் பிரிவில் ஜான் கிரியர்சன் தலைமையில் வளர்ந்தவர் பாசில் ரைட். அவர் 1934இல் எடுத்து முடித்த 'சாங் ஆஃப் சிலோன்' இன்றும் ஆவணப்பட மாணவர்கள் பார்க்கும் படம். இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் எடுத்தது. அதில் புத்தரும் சிவனொளிபாத மலையும் கண்டி நடனமும் நிறைய வரும். தோட்டத்துத் தமிழர் வாழ்க்கை வெகு குறைவு. 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. ஓட்டுரிமையும் அடுத்து போனது. தேயிலை மட்டும் தொடர்ந்து கப்பல் ஏறியது.

வாரியத்துக்கு வருவோம். ஏழு ஆண்டு படம் காட்டியும் என்ன பலன்? டென்மார்க் வெண்ணெய் மலிவாக இருந்தவரை ஜனங்கள் அதையே வாங்கினார்கள். 1930களின் மந்தம் வந்ததும் அரசாங்கம் வேறு வழியின்றி இறக்குமதி வரியே போட்டது. 1932இல் ஒட்டாவா மாநாட்டில் பேரரசு நாடுகளுக்குள் வரிச்சலுகை ஒப்பந்தம் ஆனது. வரிக்குப் பதிலாகப் பிறந்த வாரியம், வரி வந்ததும் தேவையற்றுப் போனது. 1933இல் மூடிவிட்டார்கள். பலகைகள் காலியாயின.

ஆறே வருடத்தில் சுவர்களுக்கு மறுபடி வேலை வந்தது. 1939இல் யுத்தம். உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் கொண்டு வரும் நாடு, கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள். அக்டோபர் மாதமே விவசாய அமைச்சகம் வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொல்லி இயக்கம் தொடங்கியது. 'வெற்றிக்காகத் தோண்டு' என்பது கோஷம்.

அதன் புகழ்பெற்ற சுவரொட்டியை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பூட்ஸ் போட்ட ஒரு கால், மண்வெட்டி மாதிரியான ஸ்பேடை மண்ணில் மிதிக்கிறது. அவ்வளவுதான். முகம் இல்லை. சொர்க்கம் இல்லை, தூர தேசம் இல்லை. முகம் இல்லாததால் அந்தக் கால் யாருடைய காலாகவும் இருக்கலாம். பார்க்கிறவன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொள்வான். முந்தைய வாரியத்தின் ஓவியங்களில் அவன் வேடிக்கை பார்ப்பவன், இதில் அவனேதான் ஆள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஏப்ரம் கேம்ஸ் என்ற இளம் ஓவியர் 1942இல் வரைந்தது இன்னும் சுருக்கம். பாதி ஸ்பேட், பாதி கப்பல். இரண்டும் ஒரே உருவமாக ஒட்டியிருக்கும். கப்பலை அல்ல, ஸ்பேடைப் பயன்படுத்து என்று நான்கே சொல். நீ ஒரு பாத்தி கொத்தினால் ஒரு மாலுமி கடலில் சாக வேண்டியதில்லை என்பதை அந்தப் படம் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. குழந்தைகளுக்கு 'பொட்டேட்டோ பீட்' என்று தொப்பி வைத்த உருளைக்கிழங்கு, 'டாக்டர் கேரட்' என்று மருந்துப் பை தூக்கிய கேரட்.

பலித்ததா? பலித்தது. நகராட்சிகள் வாடகைக்கு விடும் சிறு தோட்டத் துண்டுகள் யுத்தத்துக்கு முன் 8 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 1943இல் அது சுமார் 14 லட்சம். லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில் காய்கறி விளைந்தது. ஹைட் பார்க்கில் பன்றி வளர்த்தார்கள்.

ஆனால் படம் மட்டும் செய்த வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலி நிலத்தை எடுத்துத் தோட்டமாகப் பிரித்துக் கொடுக்க நகராட்சிகளுக்கு 1939இலேயே அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். எந்த மாதம் என்ன விதைப்பது, 90 அடிக்கு 30 அடி நிலத்தை எப்படிப் பிரிப்பது என்று துண்டுப் பிரசுரம் கையில் கிடைத்தது. ஞாயிறு மதியம் பி.பி.சி. வானொலியில் மிடில்டன் என்பவர் தோட்டக்கலை பேசுவார், லட்சக்கணக்கானோர் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பசி. 1940 ஜனவரியில் ரேஷன் வந்துவிட்டது. வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி அளந்துதான். பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையும் சேனல் தீவுகளும் ஜெர்மானியர் கைக்குப் போனதும் வெங்காயம் காணாமல் போனது. ஒற்றை வெங்காயத்தைக் குலுக்கல் பரிசாக வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் படம் ஒட்டியவர்கள் நிலமும் கொடுத்தார்கள், விதைக்கக் கற்றும் கொடுத்தார்கள். முந்தைய வாரியம் ஆசையை மட்டும் காட்டிவிட்டு விலையைக் கடைக்காரர் கையில் விட்டிருந்தது.

அந்த யுத்த காலத்துச் சுவரொட்டிகளில் ஒரு சண்டையும் உண்டு. 1942இல் 'இது உன் பிரிட்டன், இதற்காகப் போராடு' என்ற வரிசைக்கு பிராங்க் நியூபோல்ட் வரைந்தது கிராமம். பச்சைக் குன்று, ஆட்டு மந்தை, இடையன். ரயில் கம்பெனிக்கு ஊர்ப்படம் வரைந்து பேர் வாங்கியவர் அவர். அதே கோஷத்துக்கு கேம்ஸ் வரைந்தது நகரம். லண்டன் பின்ஸ்பரியில் கட்டிய நவீன சுகாதார நிலையம், அதன் பின்னால் இடிந்த சுவரும், எலும்பு வளைந்த நோஞ்சான் பிள்ளையும். ஆட்டு மந்தைப் படம் எல்லோருக்கும் பிடித்தது. பிள்ளைப் படம் சர்ச்சிலுக்கு ஆகவில்லை, அதை நிறுத்திவிட்டார்கள். படை வீரர்களில் பெரும்பாலோர் நகரத்துப் பிள்ளைகள். நிறைய பேர் அந்தக் குன்றைப் பார்த்ததே இருக்காது. ஆனாலும் நாடு என்றதும் அவர்களுக்குக் காட்டியது கிராமத்தைத்தான். நகரத்தானுக்குக் கிராமம் என்பது அவனுக்கு இல்லாத ஒன்று, அதனால்தான் அதை வைத்து அவனிடம் எதையும் விற்க முடிகிறது.

கடைசியாக நிலப்படைப் பெண்கள். விமென்ஸ் லேண்ட் ஆர்மி. ஆண்கள் யுத்தத்துக்குப் போனதால் வயல் வேலைக்கு 1939 ஜூனில் திரும்ப அமைத்தார்கள். உச்சத்தில் சுமார் 80,000 பெண்கள். மூன்றில் ஒரு பங்கினர் லண்டனிலோ வடக்குத் தொழில் நகரங்களிலோ இருந்து வந்தவர்கள். கடையில் துணி கிழித்தவள், முடி திருத்தியவள், தட்டெழுத்து அடித்தவள். சுவரொட்டியில் பச்சை ஸ்வெட்டர் போட்டு, கையில் வைக்கோல் கவையோடு, வெயிலில் ஒரு பெண் சிரிப்பாள். ஆரோக்கியமான சந்தோஷமான வேலை என்று வாசகம். வந்து பார்த்தால் ஜனவரிக் குளிரில் உறைந்த மண்ணில் முட்டைக்கோசு அறுக்க வேண்டும், எலி பிடிக்க வேண்டும், விடிகாலை நாலரைக்குப் பால் கறக்க வேண்டும். ஆரம்பத்தில் வாரத்துக்கு 28 ஷில்லிங். ஆண் கூலியை விடக் குறைவு. நுவரெலியாவிலும் அதே கணக்கு, கென்ட்டிலும் அதே கணக்கு.

இவர்களுக்குத் தலைமை தாங்கியவர் லேடி டென்மன் என்ற அம்மையார். யுத்தம் முடியப்போகும் நேரத்தில் ராணுவத்தினருக்கும் மற்ற சில சேவைப் பெண்களுக்கும் பணிக்கொடை, மறுவாழ்வு உதவி என்று அறிவித்தார்கள். நிலப்படைப் பெண்களுக்கு மட்டும் இல்லை என்றார்கள். 1945 பிப்ரவரியில் டென்மன் அம்மையார் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறினார். அதன் பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்கள், முழுதாக அல்ல. 1950இல் படையைக் கலைத்தார்கள். உயிரோடு இருந்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு பேட்ஜ் கொடுத்தது 2008இல். இருபது வயதில் வயலுக்குப் போனவர்களுக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது.